தலையில் அடிபட்ட கணவருக்கு நியூரோசைக்காலஜி டெஸ்ட்: தயார் செய்து கூட்டிப்போக வேண்டுமா?

கேள்வி: என் கணவருக்கு வயது 49. எட்டு மாதத்துக்கு முன் ஒரு விபத்தில் தலையில் அடிபட்டு இரண்டு நாள் நினைவில்லாமல் இருந்தார். இப்போது நன்றாக நடக்கிறார், பேசுகிறார், ஸ்கேனும் சரியாக இருக்கிறதாம். ஆனால் கேட்டதையே திரும்பக் கேட்கிறார், கணக்கில் தப்பு விடுகிறார், சட்டென்று கோபம் வருகிறது. நரம்பியல் டாக்டர் 'நியூரோசைக்காலஜி டெஸ்ட்' எடுக்கச் சொன்னார். ஐந்தாறு மணி நேரம் ஆகலாமாம். "எனக்கென்ன பைத்தியமா?" என்று வர மறுக்கிறார். அதில் தோற்றால் வேலை போய்விடும் என்றும் பயப்படுகிறார். முன்னாடியே கொஞ்சம் பயிற்சி கொடுத்துக் கூட்டிப்போகலாமா? நானும் கூட உட்காரலாமா?

பதில்:

அன்புச் சகோதரி, பயிற்சி மட்டும் கொடுத்துவிடாதீர்கள். இணையத்தில் தேடினால் இந்த டெஸ்டுகளின் மாதிரிகள் கிடைக்கும், அதை வைத்து நாலு நாள் பழக்கினால் மதிப்பெண் கொஞ்சம் ஏறத்தான் செய்யும். ஆனால் அப்படி ஏறிய மதிப்பெண்ணைப் பார்த்து "இவருக்கு ஒன்றும் இல்லை" என்று எழுதிவிட்டால், வீட்டில் நீங்கள் தினமும் பார்க்கிற சிரமத்துக்கு எந்த உதவியும் கிடைக்காமல் போய்விடும். இதில் பாஸ், ஃபெயில் கிடையாது. நினைவு, கவனம், யோசிப்பது போன்ற மூளையின் வேலைகளில் எது நன்றாக நடக்கிறது, எது எந்த இடத்தில் தடுமாறுகிறது என்று பார்க்கிறார்கள், அவ்வளவுதான்.

ஸ்கேன் நன்றாக இருக்கும்போது இது எதற்கு என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். ஸ்கேன் மூளையின் அமைப்பைக் காட்டும், அந்த மூளை எப்படி வேலை செய்கிறது என்பதைக் காட்டாது. தலையில் பலமாக அடிபடும்போது நரம்பிழைகள் இழுபட்டு உண்டாகும் மிக நுண்ணிய சேதம் சாதாரண ஸ்கேனில் தெரியாமலே போகலாம். பைத்தியம் என்ற பேச்சுக்கே இங்கே இடமில்லை. பக்கவாதம் வந்தவர்கள், வலிப்புக்கு அறுவை சிகிச்சை செய்யப்போகிறவர்கள், பார்க்கின்சன் நோயாளிகள், படிப்பில் தடுமாறும் குழந்தைகள் என்று எல்லோருக்கும் இதே வகைப் பரிசோதனையைத்தான் செய்கிறார்கள்.

முதலில் பேச்சு. என்ன படித்தார், என்ன வேலை பார்த்தார், அடிபடுவதற்கு முன் எப்படி இருந்தார், இப்போது என்ன மாறியிருக்கிறது என்று கேட்பார்கள். இந்தக் கட்டத்தில் நீங்கள் கட்டாயம் வேண்டும், ஏனென்றால் தலையில் அடிபட்டவர்களுக்குத் தங்களிடம் வந்த மாற்றம் பல சமயம் தங்களுக்கே தெரிவதில்லை. "மறதி அதிகம்" என்று பொதுவாகச் சொல்லாதீர்கள், நடந்ததைச் சொல்லுங்கள்: எதைக் கேட்டார், எவ்வளவு நேரத்தில் மறுபடி கேட்டார், கணக்கில் எந்த மாதிரித் தப்பு, கோபம் எந்த நேரத்தில் வருகிறது. கோபத்தைச் சொல்ல அவர் முன்னால் தயக்கமாக இருந்தால் தனியாகப் பேச நேரம் கேளுங்கள். மூளையின் முன்பகுதியில் அடிபட்டாலும் இப்படி எரிச்சல் வரலாம் என்பதால் அது அவர்களுக்கு முக்கியமான தகவல்.

அப்புறம் டெஸ்ட். ஊசி இல்லை, தலையில் ஒயர் மாட்டுவது இல்லை. மேசை, பேப்பர், பென்சில், கட்டைகள், படங்கள், சில இடங்களில் கம்ப்யூட்டர். இதன்போது பெரும்பாலும் உங்களை வெளியே உட்காரச் சொல்வார்கள், வருத்தப்படாதீர்கள். ஒப்பிடுவதற்கு வைத்திருக்கும் அளவுகோல்கள் எல்லாம் தனியாக உட்கார்ந்து செய்தவர்களிடம் எடுத்தவை, மனைவி பக்கத்தில் இருந்தால் அவருடைய கவனமும் உங்கள் முகத்துக்குப் போகும்.

உதாரணத்துக்கு நினைவாற்றலை எடுத்துக்கொள்ளுங்கள். 15 சொற்களைப் படித்துக் காட்டி, ஞாபகம் இருப்பதைச் சொல்லச் சொல்வார்கள். அதே பட்டியலை ஐந்து முறை. நடுவில் வேறு வேலை கொடுத்துவிட்டு, சுமார் அரை மணி நேரம் கழித்து மறுபடி கேட்பார்கள். கடைசியில் ஒரு நீளமான பட்டியலைக் காட்டி இதில் முன்பு கேட்ட சொல் எது என்பார்கள். தானாகச் சொல்லும்போது நாலுதான் வந்தது, ஆனால் காட்டியபோது பதினாலைச் சரியாக அடையாளம் கண்டார் என்றால், விஷயம் உள்ளே போயிருக்கிறது, எடுப்பதில்தான் சிக்கல். அடையாளமும் காண முடியவில்லை என்றால் உள்ளே தங்கவே இல்லை. வெளியே பார்த்தால் இரண்டுமே "மறதி"தான். ஆனால் முன்னவருக்குச் சின்னக் குறிப்பு கொடுத்தால் போதும், பின்னவருக்கு எல்லாவற்றையும் எழுதிவைக்கும் பழக்கம் வேண்டும். இந்த வித்தியாசம் தெரியத்தான் இத்தனை மணி நேரம்.

மற்றவையும் இப்படித்தான்: எண்களைத் தலைகீழாகச் சொல்வது, எண்ணையும் எழுத்தையும் மாற்றி மாற்றிக் கோடு போட்டு இணைப்பது, சிக்கலான படத்தைப் பார்த்து வரைந்து பிறகு பார்க்காமல் வரைவது, ஒரு நிமிடத்தில் எத்தனை விலங்குகளின் பெயர் சொல்ல முடிகிறது என்பது. நீல மையில் 'சிவப்பு' என்று எழுதிக் காட்டி மையின் நிறத்தை மட்டும் சொல்லச் சொல்வார்கள், 1935ல் ஸ்ட்ரூப் என்பவர் வெளியிட்ட முறை இது. ஒரு சீட்டு டெஸ்டில் விதியைச் சொல்லாமலே ஆடவிட்டு, பிடிபட்டதும் சத்தமில்லாமல் விதியை மாற்றுவார்கள். உங்கள் கணவருக்கு அதில் எரிச்சல் வரலாம்.

அதனால் ஒன்றை அவரிடம் முன்னாடியே சொல்லிவிடுங்கள்: பல டெஸ்டுகள் முடியாமல் போகும் வரை கடினமாகிக்கொண்டே போகும்படி செய்யப்பட்டவை. நல்ல மூளை உள்ளவரும் ஏதோ ஓர் இடத்தில் நிற்பார். எதிரே உட்கார்ந்திருப்பவர் சரி, தப்பு என்று பெரும்பாலும் சொல்லமாட்டார், அதுவும் விதி. வீட்டுக்கு வரும்போது "எதுவுமே சரியாகச் செய்யவில்லை" என்ற எண்ணத்தோடுதான் நிறையப் பேர் வருகிறார்கள், நன்றாகச் செய்தவர்கள் உட்பட.

கிளம்பும் முன்: முந்தின இரவு நல்ல தூக்கம், வழக்கமான மாத்திரைகள் (டாக்டரைக் கேட்காமல் எதையும் நிறுத்த வேண்டாம்), கண்ணாடி, காது கருவி இருந்தால் அது, பழைய ரிப்போர்ட்டுகள். காய்ச்சலோ, முந்தின நாள் வலிப்போ வந்திருந்தால் தேதியை மாற்றிக் கேளுங்கள். தலைவலி வந்தால் இடைவேளை கேட்கலாம், இரண்டு நாளாகவும் பிரித்துச் செய்வார்கள். எந்த மொழியில் டெஸ்ட் என்று போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள். அவருக்குச் சரளமில்லாத மொழியில் சொற்களைக் கேட்டால் அளப்பது மூளையையா, அந்த மொழியையா என்றே தெரியாது. இதை நான் மிக முக்கியமாக நினைக்கிறேன்.

மதிப்பெண்ணைப் பார்த்துக் கலங்காதீர்கள். பல டெஸ்டுகளில் சராசரி 100, மூன்றில் இரண்டு பேர் 85க்கும் 115க்கும் நடுவில்தான் வருவார்கள். பர்சன்டைல் 30 என்றிருந்தால் நூற்றுக்கு முப்பது மார்க் இல்லை, அவர் வயதுள்ள நூறு பேரில் சுமார் முப்பது பேரைவிட மேலே இருக்கிறார் என்று அர்த்தம், அது சராசரிக்குள்தான். ஆரோக்கியமானவர்களுக்கும் ஒன்றிரண்டு குறைவாக வரும். மனச்சோர்வு, தூக்கமின்மை, வலி இவையும் கவனத்தைக் குறைக்கும். அப்படித் தெரியவந்தால் நல்லதுதான், அவற்றுக்குச் சிகிச்சை இருக்கிறது.

வேலை பற்றிய பயம் நியாயமானது. நீங்களாகப் போனால் ரிப்போர்ட் பொதுவாக அனுப்பிய டாக்டருக்கும் உங்களுக்கும்தான். அலுவலகமோ இன்சூரன்ஸோ நீதிமன்றமோ கேட்டு எடுத்தால் கதை வேறு, அதனால் யார் யாருக்குப் போகும் என்று கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள். இழப்பீடு வழக்கு ஏதும் இருந்தால் வேண்டுமென்றே மோசமாகச் செய்யச் சொல்லி யாராவது யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள், முழு முயற்சி இருந்ததா என்று பார்க்கவும் அதற்குள்ளேயே டெஸ்டுகள் உண்டு, அதில் சிக்கினால் மொத்த ரிப்போர்ட்டும் உதவாமல் போகும்.

அவரிடம் பேசும்போது "உங்களுக்கு என்னவோ ஆகிவிட்டது" என்று ஆரம்பிக்க வேண்டாம். "கணக்கு பார்க்கக் கஷ்டமாக இருக்கிறது என்கிறீர்களே, எங்கே தடுக்கிறது என்று இதில் தெரியுமாம்" என்று சொல்லிப் பாருங்கள். உங்கள் கேள்விகளை இருவருமாக எழுதிக் கொண்டுபோங்கள்: தனியாகப் பணத்தைக் கையாளலாமா, வண்டி ஓட்டலாமா, முழு நேர வேலைக்குத் திரும்பலாமா, முதலில் பாதி நேரமா. கேள்வி தெளிவாக இருந்தால்தான் ரிப்போர்ட்டும் உருப்படியாக வரும். டெஸ்ட் முடிந்த அன்று மிகவும் களைத்துப்போவார், வேறு வேலை வைக்காதீர்கள், வண்டியை அவர் ஓட்ட வேண்டாம். முடிவை விளக்கிச் சொல்லும் நாள் எது என்று அங்கேயே கேட்டுக் குறித்துக்கொண்டு, அன்றைக்கு இரண்டு பேரும் போங்கள்.