கலிபோர்னியாவில் பெரும்பான்மை இனம் எது?

எதுவும் இல்லை. 2020 கணக்கெடுப்பின்படி சுமார் 3.95 கோடிப் பேரில் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர் ஏறத்தாழ 39 சதவீதம், வெள்ளையர் 35, ஆசியர் 15, கறுப்பினத்தவர் 5. இந்த எண்களோடு நிறுத்திக்கொண்டால் பாதிக் கதை தெரியாமல் போகும். இம்மாநிலத்தின் வெஸ்ட்மின்ஸ்டர் நகரில் வாழும் வியட்நாமியரும், ஃபிரெஸ்னோ நகரில் வாழும், லாவோஸ் மலைகளிலிருந்து வந்த மோங் மக்களும் ‘ஆசியர்’ என்ற ஒரே கணக்கில் அடங்கிவிடுகிறார்கள். கிளெண்டேல் நகரில் திரளாக வாழும் ஆர்மீனியர் ‘வெள்ளையர்’ கணக்கில் சேர்ந்துவிடுவதால் தனியாகத் தெரிவதே இல்லை.

என்னை மிகவும் ஈர்ப்பது மாநிலத்தின் தெற்கே மெக்சிகோ எல்லையை ஒட்டிய இம்பீரியல் பள்ளத்தாக்கு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பஞ்சாபிலிருந்து வந்த ஆண்கள் அங்கே பருத்தி பயிரிட்டார்கள். இந்தியர் உள்ளிட்ட ஆசியர் குடியேறுவதைத் தடுத்த 1917 குடியேற்றச் சட்டத்துக்குப் பிறகு ஊரிலிருந்து மனைவியை அழைத்துவர வழியில்லை. வெள்ளையரோடு கலப்பு மணம் செய்ய மாநிலச் சட்டம் தடையாக நின்றது. ஆகவே பலர் மெக்சிகோப் பெண்களை மணந்தார்கள். பிள்ளைகளுக்கு ஸ்பானியப் பெயர், அதன் பின்னே ‘சிங்’. வீட்டில் ஸ்பானிய மொழி, தாயின் கத்தோலிக்க வழிபாடு, தந்தைக்குப் பிடித்த கறி. அதே பள்ளத்தாக்கில் விவசாயம் செய்த தலீப் சிங் சவுந்த் 1956-இல் அமெரிக்க நாடாளுமன்றத்துக்கே தேர்வானார்.

இணக்கம் தானாக வந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஓர் இனத்தார் வேலைநிறுத்தம் செய்தால் மற்றோர் இனத்தாரைத் தோட்டத்தில் இறக்குவது பண்ணை முதலாளிகளின் பழைய உத்தி. 1965 செப்டம்பர் 8 அன்று டெலானோ என்ற விவசாய ஊரில் லாரி இட்லியாங் தலைமையில் பிலிப்பினோத் திராட்சைத் தொழிலாளர் வேலையை நிறுத்தினார்கள். எட்டே நாளில் தொழிற்சங்கத் தலைவர் சீசர் சாவேஸின் மெக்சிகோ வம்சாவளித் தொழிலாளரும் சேர்ந்துகொண்டார்கள். ஐந்தாண்டுப் போராட்டத்துக்குப் பின், 1970-இல் முதலாளிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள்.