கொரோனா ஆரம்ப நாட்கள்ல கடைங்க காலியானதுக்கு மக்கள் பதுக்கினதுதான் காரணமா? இனி ஒரு தடவை வந்தா வீட்ல என்ன வெச்சிருக்கணும்?

முதல் கேள்விக்கு பதில், பெரும்பாலும் இல்ல. பதுக்கினவங்க இருந்தாங்க, லாபத்துக்காக மாஸ்க்கை பெட்டி பெட்டியா வாங்கி அடுக்கி வெச்சவங்களும் இருந்தாங்க, அதை நான் மறுக்கல. ஆனா கடை ரேக் காலியாகறதுக்கு அப்படிப்பட்ட கெட்டவங்க யாரும் தேவையே இல்லங்க, சாதாரணமா வாங்கற நாம எல்லாரும் ஒரே வாரத்துல ஒண்ணே ஒண்ணு கூட எடுத்தா போதும்.

கணக்கு போட்டுப் பாருங்க. ஒரு கடைக்கு வாரத்துக்கு 100 பேர் வந்து ஆளுக்கு ஒரு சோப்பு பாக்கெட் வாங்கறாங்கன்னு வெச்சுக்குவோம். கடைக்காரர் 130 பாக்கெட் வெச்சிருப்பார், அதுக்கு மேல வெச்சா இடமும் போச்சு பணமும் முடங்கிப் போச்சு, அதனால வெக்க மாட்டார். இப்ப எல்லாரும் "எதுக்கும் இருக்கட்டுமே"ன்னு இன்னொண்ணு சேத்து எடுக்கறாங்க. 65 பேர் வாங்கி முடிச்சதும் ஸ்டாக் காலி. மிச்சம் 35 பேர் வெறும் ரேக்கைப் பாத்துட்டு திரும்பறாங்க, அவங்கள்ல ஒருத்தர் அதை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல போடறார், அதைப் பாத்தவங்க அடுத்த கடைக்கு ஓடிப்போய் மூணு மூணா எடுக்கறாங்க. கடைக்காரர் இந்த வாரம் மாதிரி ஆயிடக்கூடாதுன்னு அடுத்ததுக்கு 300 ஆர்டர் போடறார், மொத்த வியாபாரி அதைவிட கூட்டி கேக்கறார், ஃபேக்டரிக்கு போய் சேர்றப்ப அந்த நம்பர் எங்கயோ போயிருக்கும். சப்ளை செயின் ஆளுங்க இதை புல்விப் எஃபெக்ட்னு சொல்வாங்க. இதுல யாரைப் புடிச்சு திட்டறது சொல்லுங்க, ரெண்டு பாக்கெட் வாங்கின அம்மாவையா?

அதுக்கு மேல இன்னொரு விஷயம் நடந்துச்சு. 2020 மார்ச் 11ஆம் தேதி உலக சுகாதார நிறுவனம் இதை பெருந்தொற்றுன்னு அறிவிச்சுது, அதையொட்டி நாடு நாடா ஆபீஸ், ஸ்கூல், ஹோட்டல் எல்லாம் மூடினாங்க. அதாவது வெளியில செலவாகிட்டு இருந்த பொருள் எல்லாம் ஒரே நாள்ல வீட்டு செலவா மாறிடுச்சு. டாய்லெட் பேப்பர் கதை உலகம் பூரா பேசினாங்களே, அதுல இது பெரிய பங்கு. ஆபீஸுக்கு போற ரோல் வேற, வீட்டுக்கு வர்ற ரோல் வேற, சைஸும் வேற பேப்பரும் வேற, செய்யற மெஷினும் வேற. குடும்பம் மொத்தமும் நாள் பூரா வீட்லயே இருந்தா 40 சதவீதம் கூடுதலா செலவாகும்னு ஜார்ஜியா பசிபிக்ங்கற அந்த தயாரிப்பு கம்பெனியே கணக்கு சொல்லிச்சு. யாரும் ஒரு ரோல் கூட பதுக்காம இருந்திருந்தாலும் அந்த 40 சதவீதம் எங்கிருந்து வரும்? இடத்தை அடைக்கற, லாபம் கம்மியான பொருள், அதனால யாருமே குடோன்ல மாசக்கணக்குல வெச்சிருக்கல. கோதுமை மாவும் இதே மாதிரிதான், மில்லுல மாவு இருந்துச்சு, பேக்கரிக்கு போற பெரிய மூட்டைல இருந்துச்சு, வீட்டுக்கு வர்ற சின்ன பாக்கெட்ல போடறதுக்குத்தான் பையும் லைனும் பத்தல. ஒரு பக்கம் பால் வாங்க ஆளில்லாம கீழ கொட்டினாங்க, இன்னொரு பக்கம் கடைல ஆளுக்கு ஒரு பாக்கெட்தான்னு போர்டு வெச்சாங்க. பொருள் இல்லாமப் போகல, பொருள் இருந்த இடமும் ஆள் இருந்த இடமும் மாறிப் போச்சு.

இந்த வகை தட்டுப்பாடு எல்லாம் சில வாரத்துல, மிஞ்சிப் போனா ஒண்ணு ரெண்டு மாசத்துல சரியாச்சு. ஆனா போட்டோ எல்லாம் இதுக்குத்தான் வந்துச்சு. நிஜமாவே வலிச்ச தட்டுப்பாடு எதுக்கும் போட்டோ வரலங்கறதுதான் என் ஆதங்கம், அதுக்காகத்தான் இவ்ளோ நீளமா எழுதறேன்.

மாஸ்க்கை எடுத்துக்கோங்க, அது நிஜமான தட்டுப்பாடு. மார்ச் 3ஆம் தேதி உலக சுகாதார நிறுவனம் சொன்ன கணக்குப்படி கொரோனா சிகிச்சை வேலைக்கு மட்டும் மாசத்துக்கு 8.9 கோடி மெடிக்கல் மாஸ்க், 7.6 கோடி கையுறை, 16 லட்சம் பாதுகாப்பு கண்ணாடி தேவை, உற்பத்தியை 40 சதவீதம் கூட்டணும்னு கேட்டாங்க, அதுக்குள்ள சர்ஜிக்கல் மாஸ்க் விலை ஆறு மடங்கு ஆகியிருந்துச்சு. உலகத்து மாஸ்க்ல ஏறக்குறைய பாதி சீனாலதான் தயாராச்சு, நோய் முதல்ல அடிச்சதும் அங்கதான். அவங்க ஒரு நாளைக்கு சுமார் 2 கோடில இருந்து பிப்ரவரி கடைசிக்குள்ள 11 கோடிக்கு மேல கொண்டு போனாங்க, பொதுமக்களும் சேந்து கேட்டதால அப்பவும் பத்தல. தைக்கறது கஷ்டம் இல்லங்க, நடுவுல ஒரு மெல்லிய அடுக்கு வருமே, மெல்ட் ப்ளோன்னு சொல்ற பாலிப்ரொப்பிலீன் துணி, வடிகட்டறதே அதுதான், அந்த மெஷினை புதுசா போட மாசக்கணக்கு ஆகும். இதை அப்பவே மக்கள்கிட்ட நேரா சொல்லியிருக்கலாம். "மாஸ்க் கம்மியா இருக்கு, நர்ஸுக்கும் டாக்டருக்கும் விடுங்க, நீங்க துணி கட்டிக்கோங்க"ன்னு சொல்லியிருந்தா கேட்டிருப்பாங்க. அதுக்கு பதிலா நல்லா இருக்கறவங்களுக்கு மாஸ்க் வேண்டாம்னு பல எடத்துல சொன்னாங்க, அப்புறம் ஜூன் 5ஆம் தேதி உலக சுகாதார நிறுவனமே நோய் பரவற இடத்துல பொதுமக்களும் துணி மாஸ்க் போடணும்னு மாத்தி சொல்லிச்சு. புது விவரம் வந்தா மாத்தறதுல தப்பே இல்ல. ஆனா முதல் தடவை காரணத்தை சொல்லாததால அடுத்து சொன்ன பல விஷயத்தையும் ஜனங்க சந்தேகமாவே பாத்தாங்க.

சானிடைசர் பத்தி ரொம்ப சொல்ல ஒண்ணும் இல்ல. எரிசாராயம் இருந்துச்சு, மது தயாரிக்கறவங்க, சென்ட் தயாரிக்கறவங்க எல்லாம் அதை செய்ய இறங்கினாங்க, கொஞ்ச நாள்ல பாட்டிலும் அழுத்தற பம்ப்பும்தான் கிடைக்கல. வீட்ல இருக்கறவங்களுக்கு சோப்பே போதும், இந்த வைரஸ் மேல கொழுப்பு உறை இருக்கு, சோப்பு அதை கரைச்சிடும், 20 செகண்ட் தேய்க்கணும் அவ்ளோதான்.

இப்ப எங்க வீட்டு விஷயத்துக்கு வரேன். என் அக்காவுக்கு ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ், மூட்டு எல்லாம் வீங்கற வாதம். ரொம்ப வருஷமா ஹைட்ராக்ஸிகுளோரோக்வின் மாத்திரை சாப்பிடறாங்க. மலேரியாவுக்கு வந்த மருந்து, லூபஸுக்கும் (உடம்போட எதிர்ப்பு சக்தியே உடம்பைத் தாக்கற நோய்) இந்த வாதத்துக்கும் அதுதான் தினசரி சோறு மாதிரி. 2020 மார்ச் வரைக்கும் அந்த பேரை வெளி ஆள் யாரும் சொல்லி நான் கேட்டதே இல்ல. மார்ச்ல இது கொரோனாவுக்கு உதவலாம்னு ஒரு சின்ன பிரெஞ்சு ஆய்வு வந்துச்சு, அமெரிக்க அதிபர் டிரம்ப் அதைப் புகழ்ந்து பேசினார், அவ்ளோதான், உலகம் பூரா மெடிக்கல் ஷாப்ல அதைக் கேட்டு ஆளுங்க வர ஆரம்பிச்சாங்க. நோய் இருந்தவங்க இல்ல, வந்துடுமோன்னு பயந்தவங்க. அந்த மருந்தை உலகத்துக்கு நிறைய தயாரிச்சுக் கொடுக்கற இந்தியா மார்ச் 25ல ஏற்றுமதியை நிறுத்திச்சு, அப்புறம் தளர்த்திச்சு. மார்ச் 28ல அமெரிக்க மருந்து துறை எஃப்டிஏ ஆஸ்பத்திரில கொரோனாவுக்கு கொடுக்கலாம்னு அவசர அனுமதி தந்துச்சு.

நாங்க வழக்கமா வாங்கற கடைல, "இல்லைங்க, மேல இருந்தே வரல, எனக்கே எப்ப வரும்னு தெரியலைங்க"ன்னு சொன்னார். பழகின மனுஷன், பொய் சொல்றவர் இல்ல. டிராயரைத் தொறந்து ஒரே ஒரு அட்டையை எடுத்து கத்தரிக்கோலால பாதியா வெட்டி கொடுத்தார், மிச்சப் பாதியை இன்னொருத்தருக்கு வெச்சிருக்கேன், அவங்களும் உங்க அக்கா மாதிரிதான்னார். வெட்டின எடத்துல மருந்தோட பேர் பாதிதான் தெரிஞ்சுது, எக்ஸ்பைரி தேதி அந்தப் பக்கம் போயிடுச்சு, அதை அவரே பேனாவால பின்னாடி எழுதிக் கொடுத்தார். அக்கா அன்னிக்கு கோவமே படல. காலைல எந்திரிச்சா விரல் மடங்காது, பல் விளக்கற பிரஷ்ஷை ரெண்டு கையாலயும் புடிப்பாங்க, அப்படிப்பட்டவங்க அந்தப் பாதி அட்டையை வெச்சுட்டு, ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டா எத்தனை நாள் வரும்னு எண்ணிட்டு இருந்தாங்க. டாக்டருக்கு போன் போட்டு கேட்டப்பதான் ஒரு ஆறுதல் கிடைச்சுது, இந்த மருந்து உடம்புல இருந்து ரொம்ப மெதுவாத்தான் வெளிய போகும், வாரக்கணக்குல தங்கும், ரெண்டு மூணு நாள் தவறினா உடனே விழுந்துட மாட்டாங்க, ஆனா நீங்களா டோஸை குறைக்காதீங்கன்னு சொன்னார். அந்த ஒரு போன் இல்லேன்னா பயத்துலயே பாதி உடம்பு போயிருக்கும்.

ஜூன் 5ஆம் தேதி இங்கிலாந்துல நடந்த ரெகவரிங்கற பெரிய ஆய்வு, ஆஸ்பத்திரில இருக்கற கொரோனா நோயாளிக்கு இந்த மருந்தால பிரயோஜனம் இல்லன்னு சொல்லிச்சு. ஜூன் 15ல எஃப்டிஏ அந்த அனுமதியை வாபஸ் வாங்குச்சு. அதுக்குள்ள மூணு மாசம், பயந்தவங்க வீட்டு பீரோல சும்மா கெடந்த அட்டைங்க எத்தனையோ. அவங்க மேல எனக்கு இப்பவும் முழு கோவம் வரல, அவங்களும் வீட்டுக்கு ஒரு பாதுகாப்புன்னுதான் நெனச்சாங்க. ஆனா சோப்பு ரெண்டு எடுக்கறதும் இதும் ஒண்ணு இல்லங்க. சோப்பு இல்லாதவங்க பக்கத்து வீட்ல கேக்கலாம். இதை யார்கிட்ட போய் கேக்கறது?

இதே மாதிரி சத்தமில்லாம வந்த தட்டுப்பாடு இன்னும் இருந்துச்சு. ரத்தம். ஆபீஸ், காலேஜ் எல்லாம் மூடினதும் ரத்ததான முகாம் எல்லாம் கேன்சல் ஆச்சு, பிளேட்லெட் அஞ்சு ஏழு நாளுக்கு மேல தாங்காது, அதை யாரும் முன்கூட்டியே சேத்து வெக்க முடியாது, கேன்சர் சிகிச்சைல இருந்தவங்க என்ன பாடு பட்டிருப்பாங்க. குழந்தைங்க தடுப்பூசி. 2020 மே மாசம் உலக சுகாதார நிறுவனம், யுனிசெஃப், கவிங்கற (Gavi) சர்வதேச தடுப்பூசி கூட்டமைப்பு மூணும் சேந்து சொன்னது, 68 நாட்டுல ஒரு வயசுக்கு உட்பட்ட 8 கோடி குழந்தைங்களுக்கு தடுப்பூசி தவறிப்போற ஆபத்து இருக்குன்னு. ஊசி போட கூட்டிட்டு போகவே பெத்தவங்க பயந்தாங்க, சில எடத்துல விமானம் இல்லாம ஊசியே வரல.

அப்புறம் அந்த நாட்களோட கவலைங்க. தொண்டை லேசா கரகரன்னு இருந்தா போதும், ராத்திரி தூக்கம் போச்சு. பத்து செகண்ட் மூச்சைப் புடிச்சு இருமல் வரலேன்னா கொரோனா இல்லன்னு ஒரு ஃபார்வர்டு சுத்துச்சே, சுத்தப் பொய் அது, அக்கா கதவை சாத்திட்டு அதை செஞ்சு பாத்துட்டு இருந்தாங்கன்னு எனக்கு பின்னாடிதான் தெரியும். மார்ச் நடுவுல ஒரு ஆய்வு வந்துச்சு, வைரஸ் பிளாஸ்டிக், ஸ்டீல் மேல 72 மணி நேரம் வரைக்கும், அட்டைப் பெட்டி மேல 24 மணி நேரம் வரைக்கும் இருக்கும்னு. அது லேப்ல எடுத்த அளவு, தொட்டாலே ஒட்டிக்கும்னு அர்த்தம் இல்ல, ஆனா அந்த வித்தியாசத்தை யாரு விளக்கி சொன்னா? வாங்கிட்டு வந்த ஒவ்வொரு பாக்கெட்டையும் சோப்பு தண்ணில கழுவி வெயில்ல வெச்சோம், கை தோல் உரிஞ்சு போச்சு. 2021 ஏப்ரல்ல அமெரிக்க நோய் கட்டுப்பாட்டு மையம் சிடிசி, பரப்பைத் தொடறதால தொத்தற வாய்ப்பு பொதுவா பத்தாயிரத்துல ஒண்ணுக்கும் கீழன்னு சொல்லிச்சு. அத்தனை நாளும் ஜன்னலைத் தொறந்து வெச்சிருந்தா அதைவிட உபயோகமா இருந்திருக்கும்.

இனி உங்க ரெண்டாவது கேள்வி. பொருள் பட்டியல் நிறைய பேர் போட்டிருப்பாங்க, நான் மருந்து மட்டும் சொல்றேன். வீட்ல யாருக்காவது தினசரி மாத்திரை இருந்தா, சுகர், பிரஷர், தைராய்டு, வலிப்பு, ஆஸ்துமா பம்ப், எதுவா இருந்தாலும், எந்த பரபரப்பும் இல்லாத இந்த சாதாரண மாசங்கள்ல கொஞ்சம் கொஞ்சமா சேத்து ஒரு மாசத்துக்கு கூடுதலா கைல வெச்சுக்கோங்க. செய்தி வந்த அப்புறம் வாங்காதீங்க, அன்னிக்கு நீங்க எடுக்கற அட்டை வேற ஒருத்தரோடது. டாக்டர் சீட்டை போட்டோ எடுத்து போன்லயும் வெளில ஒருத்தர்கிட்டயும் வெச்சுக்கோங்க, மருந்தோட கம்பெனி பேர் மட்டும் இல்லாம உள்ள இருக்கற வேதிப்பொருள் பேரையும் தெரிஞ்சு வெச்சுக்கோங்க, ஒரு கம்பெனி இல்லேன்னா இன்னொரு கம்பெனி கேக்க அதுதான் உதவும். மாத்தறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க, வலிப்பு, தைராய்டு மாதிரி சில மருந்துல கம்பெனி மாறினாலும் கவனிக்கணும். ஒரே மெடிக்கல் ஷாப்ல தொடர்ந்து வாங்குங்க, எங்களுக்கு அந்தப் பாதி அட்டை கிடைச்சது அந்தப் பழக்கத்தாலதான். புதுசு வாங்கினதும் அதைப் பின்னாடி வெச்சுட்டு பழசை முதல்ல எடுங்க, இன்சுலின் இருந்தா கரண்ட் போனா எங்க வெக்கறதுன்னு இப்பவே ஒரு ஏற்பாடு பண்ணி வெச்சுக்கோங்க.