மருந்து போட்ட பத்தாம் நாள் மீண்டும் பேன்

பேன் மருந்தான பெர்மெத்ரின் 1% போட்ட பத்தாம் நாளே மகள் தலையில் மீண்டும் பேன் என்றும், மருந்து போலியா, மொட்டை போட்டுவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். மொட்டை போட வேண்டாம். அதே மருந்தை இன்றே இரண்டாம் முறை போடுங்கள்.

பத்தே நாளில் பேன் திரும்பி வந்ததற்கு மருந்து போலி என்பது காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. அது ஊர்ந்து திரியும் பேனைக் கொல்லும்; ஈரை முழுவதுமாக அழிக்காது. தப்பிய ஈர்கள் 7 முதல் 10 நாளுக்குள் பொரிந்துவிடும். அந்தக் குஞ்சுகள் வளர்ந்து முட்டையிடுவதற்குள் இரண்டாம் முறை போட்டாக வேண்டும். பலரும் கோட்டை விடுவது இங்கேதான்.

ஈரத்தலையில் கண்டிஷனர் தடவி, பேன்சீப்பால் அடிமயிரிலிருந்து நுனிவரை வாருங்கள். ஒவ்வொரு முறையும் சீப்பை வெள்ளைத்துணியில் துடைத்துப் பாருங்கள். பெரும்பாலும் பொடிப்பேன்கள் என்றால் பழைய ஈர் பொரிந்தவை. எள் அளவுப் பெரும்பேன்கள் இருந்தால் வேறொருவரிடமிருந்து தொற்றியிருக்கலாம். வீட்டில் எல்லோர் தலையையும் பாருங்கள். மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை என்று இரண்டு மூன்று வாரம் வாருவதுதான் உண்மையான வேலை. பொறுமை வேண்டும்.

மெத்தை, தலையணைக்கெல்லாம் மருந்து அடிக்காதீர்கள். தலையை விட்டு இறங்கிய பேன் இரண்டு நாளுக்கு மேல் பிழைக்காது.

மண்ணெண்ணெய் மட்டும் வேண்டவே வேண்டாம், தீப்பிடிக்கும்.

மருந்து போட்டு 12 மணி நேரம் கழித்தும் பேன்கள் முன்போலவே ஓடினால், அல்லது தலையில் சீழ்ப்புண் இருந்தால், மருத்துவரிடம் காட்டி வேறு மருந்து கேளுங்கள். குழந்தையைத் திட்டாதீர்கள். சுத்தமான தலையிலும் பேன் வரும்.