தண்ணீர் குடித்தால் மட்டும் ஏன் புரையேறுகிறது?

கேள்வி: பக்கவாதம் வந்து மூன்று வாரமான அப்பாவுக்கு இட்லி இறங்குகிறது. தண்ணீர் குடித்தால்தான் புரையேறுகிறது. ஏன்? என்ன செய்யலாம்?

நான் ஸ்பீச் தெரபிஸ்ட். பேச்சு வராதவர்களை மட்டுமல்ல, விழுங்கச் சிரமப்படுகிறவர்களையும் எங்களிடம்தான் அனுப்புவார்கள். நீங்கள் கேட்டதை அடிக்கடி கேட்கிறேன்.

குரல்வளை மேட்டில் விரலை வைத்து எச்சிலை விழுங்கிப் பாருங்கள். மேடு சட்டென்று ஏறி இறங்கும். ஏறக்குறைய அந்த ஒரு நொடியில் மூச்சு நிற்கிறது, குரல்நாண்கள் மூடிக்கொள்கின்றன, குரல்வளை மூடி கவிழ்கிறது, உணவுக்குழாயின் வாய் திறக்கிறது. பக்கவாதத்தில் இந்த வரிசை கொஞ்சம் தாமதமாகத் தொடங்கினாலே சிக்கல்தான். மென்ற இட்லி உருண்டையாக மெதுவாக நகர்வதால் தாமதத்தைச் சமாளித்துவிடலாம். தண்ணீர் காத்திருக்காது, மூச்சுக்குழாய் மூடுவதற்குள் ஓடிப்போய் உள்ளே இறங்கிவிடும்.

நம் வீடுகளில் கூடுதலாக ஒரு வம்பு, அண்ணாந்து குடிக்கும் பழக்கம். தலை பின்னால் சாய்ந்தால் தண்ணீர் நேரே தொண்டையில் கொட்டும், மூச்சுப்பாதையும் அகலமாகத் திறந்து கொடுக்கும். வாய் வைத்துக் குடிப்பது எச்சில் என்று பிடிவாதம் பிடிக்கும் பெரியவர்களிடம் வாதாடி ஜெயிக்க முடியாது. அவருக்கென்று தனி டம்ளர் வைத்துவிடுங்கள். வாய் அகன்றதாக இருக்கட்டும். குறுகலான டம்ளரில் தண்ணீர் குறையக் குறையத் தலை தானாகச் சாயும். படுக்கையில் சாய்ந்தபடி கொடுக்காமல், நேராக உட்காரவைத்து ஒவ்வொரு மிடறாகக் கொடுங்கள். தாடையைத் தாழ்த்தி விழுங்கினால் சிலருக்கு நல்ல பலன் உண்டு, எல்லோருக்கும் இல்லை.

இறங்க இதமாக இருக்கும் என்று ரசம் சாதம் கொடுப்பார்கள். சோறு வாயில் நிற்க, ரசம் மட்டும் முந்திக்கொண்டு ஓடும். குழைய மசித்த தயிர்சாதம் பரவாயில்லை. ஐஸ்கிரீமும் வாயில் உருகித் தண்ணீராகிவிடும் என்பதை மறக்க வேண்டாம்.

தண்ணீரைக் கெட்டியாக்கிக் கொடுக்கச் சொல்லலாம். சோளமாவு போன்ற மாவுச்சத்தில் கெட்டியாக்கினால் எச்சில் பட்டு மறுபடி நீர்த்துப்போகும். சாந்தன் கம் என்ற பசைப்பொருள் சேர்ந்த பொடி அப்படி ஆகாது. எவ்வளவு கெட்டி என்பதைக் கண்ணளவில் முடிவு செய்யாதீர்கள். 10 மில்லி சிரிஞ்சில் நுனியை விரலால் அடைத்து நிரப்பி, விரலை எடுத்து 10 விநாடி ஒழுகவிட்டு, எவ்வளவு மிச்சம் என்று பார்க்கும் முறை ஒன்று இருக்கிறது. 1 முதல் 4 மில்லி நின்றால் லேசான கெட்டி, 4 முதல் 8 என்றால் அடுத்த நிலை. எந்தச் சிரிஞ்ச், எந்த நிலை என்பதைத் தெரபிஸ்ட் சொல்ல வேண்டும். தேவைக்கு மேல் கெட்டியாக்கினால் பிடிக்காமல் குடிப்பதையே குறைத்துக்கொள்வார்கள், உடம்பில் நீர் வற்றிவிடும்.

உங்கள் அப்பா இருமுகிறார் என்பது ஒரு விதத்தில் நல்லதுதான். எனக்குப் பயமெல்லாம் இருமாதவர்களைப் பார்த்துத்தான். தொண்டையில் உணர்ச்சி குறைந்திருந்தால் தண்ணீர் நுரையீரலுக்குப் போவதே தெரியாது. குடித்தபின் குரல் கொழகொழவென்று மாறுவது, அடிக்கடி காய்ச்சல், நெஞ்சில் சளி, இவற்றில் எது தெரிந்தாலும் தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். பேரியம் கலந்த உணவை விழுங்கவைத்து எக்ஸ்ரேயில் வீடியோவாகப் பார்ப்பார்கள், இல்லையென்றால் மூக்கு வழியாக மெல்லிய கேமராவை விட்டுப் பார்ப்பார்கள். பலருக்கு முதல் சில வாரங்களிலேயே விழுங்குவது தேறிவிடும். மூன்று வாரத்துக்குப் பிறகும் புரையேறுகிறது என்றால் இந்தப் பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள். என்ன பயிற்சி என்பதும் அதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

அப்புறம், வாய் சுத்தம். நுரையீரலுக்குள் போகும் எச்சிலில் கிருமி அதிகமாக இருந்தால் நிமோனியாவும் எளிதில் வரும். மூக்கில் ட்யூப் போட்டிருந்தாலும் எச்சில் அதே வழியில்தான் இறங்கும். அதனால் வாயால் சாப்பிடாத நாளிலும் காலை, இரவு இரண்டு வேளையும் பல்லும் நாக்கும் தேய்த்துவிடுங்கள்.