சோசலிசமும் கார்ப்பரேட்டிசமும் ஒன்றுதானா? இரண்டிலும் அரசுதானே பொருளாதாரத்தில் தலையிடுகிறது?

இல்லை. கார்ப்பரேட்டிசம் என்றால் பெருநிறுவனங்களின் ஆட்சி அல்ல; முதலாளிகளும் தொழிலாளிகளும் அமைப்புகளாகத் திரண்டு பேசி முடிவெடுக்கும் ஏற்பாடு. அரசு தலையிடுகிறதா என்று பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும். ஆலை யார் பெயரில் இருக்கிறது, தொழிலாளி வேலைநிறுத்தம் செய்யலாமா என்று பாருங்கள்.

ரஷ்யாவின் பெட்ரோகிராட் நகரில் இருந்த புட்டிலோவ் ஆலையை போல்ஷெவிக் அரசு 1917 டிசம்பரில் நாட்டுடைமையாக்கியது. முதலாளி என்ற இடமே இல்லாமல் போனது. முசோலினியின் இத்தாலியிலோ டூரின் நகரின் ஃபியட் கார் ஆலை அக்னெல்லி குடும்பத்திடமே இருந்தது. அங்கே முதலாளி, தொழிலாளி என்ற வர்க்கங்களை ஒழிக்கவில்லை, அரசின் மேற்பார்வையில் ஒரே மேசையில் உட்காரவைத்தார்கள். 1934-ல் தொழில்வாரியாக 22 கார்ப்பரேஷன்கள், அதாவது இரு தரப்பும் உட்காரும் அமைப்புகள், உருவாயின.

ஆனால் அந்த மேசை சமமானதல்ல. 1926 சட்டம் வேலைநிறுத்தத்தைக் குற்றமாக்கியது. முதலாளி ஆலையை மூடும் கதவடைப்புக்கும் தடை உண்டுதான், ஆனால் அது ஏட்டளவில். ஃபாசிஸ்ட் சங்கத்துக்கு மட்டுமே கூலி ஒப்பந்தம் போடும் உரிமை. தகராறு முற்றினால் தொழில் நீதிமன்றம். கையில் இருந்த ஒரே ஆயுதத்தையும் பறிகொடுத்த தொழிலாளிக்கு அங்கே பேசி என்ன பயன்?

சோவியத்திலும் சுதந்திரமான சங்கம் கிடையாது என்பதை மறைக்க வேண்டியதில்லை. சோசலிசம் என்றாலே அந்த மாதிரிதான் என்றும் இல்லை. ஜனநாயக சோசலிஸ்டுகள் அதை வன்மையாகவே எதிர்த்தார்கள்.

கார்ப்பரேட்டிசத்துக்கும் மென்மையான வடிவம் உண்டு. 1938-ல் சுவீடனின் சால்ட்ஷோபாடனில் தொழிற்சங்கக் கூட்டமைப்பும் முதலாளிகள் சங்கமும் தாங்களாகவே ஒப்பந்தம் செய்துகொண்டன. சங்கம் கட்டும் உரிமையும் வேலைநிறுத்த உரிமையும் அங்கே பறிபோகவில்லை.