மரக்கன்று நாற்றுப்பண்ணைக்கு அரசு ஏன் பதிவும் சோதனையும் கேட்கிறது?

தக்காளி நாற்று மோசமாக இருந்தால் இரண்டு மாதத்தில் தெரிந்துவிடும். மரக்கன்று அப்படியல்ல. கோணலாக வளரும் தாய் மரத்தின் விதையா, பையில் வேர் சுருண்ட கன்றா என்பதெல்லாம் வெளியே தெரியப் பல வருடங்கள் ஆகும். அதற்குள் விற்றவர் கடையை மூடியிருப்பார்! அதனால்தான் விதை எந்தக் காட்டிலிருந்து வந்தது என்ற பதிவைச் சட்டம் கேட்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 1999ஆம் ஆண்டு விதிமுறை, காட்டு மர விதைகளையும் கன்றுகளையும் நான்கு தரங்களாகப் பிரிக்கிறது. விதை எங்கிருந்து வந்தது என்பது மட்டும் தெரிந்தால் கடைசித் தரம். சோதனை நடவில் தேறியது முதல் தரம்.

சரி, நோய்? என் கணக்கில் இதுதான் பெரிய காரணம். வெள்ளைப் பைன் மரங்களைக் கொல்லும் துருநோய்ப் பூஞ்சை, ஐரோப்பிய நாற்றுப்பண்ணைக் கன்றுகளோடுதான் வட அமெரிக்காவுக்குப் போனது. அமெரிக்கா 1912இல் தாவரத் தனிமைப்படுத்தல் சட்டம் போட்டது. ஆனால் பூஞ்சை அதற்கு முன்பே உள்ளே வந்துவிட்டது. பிரிட்டனும் ஆஷ் என்ற ஐரோப்பிய மரத்தின் கன்று இறக்குமதியை 2012இல்தான், அந்த மரத்தைத் தாக்கும் நோய் நுழைந்த பிறகு, தடை செய்தது.

உரிமக் கட்டணம், படிவம் எல்லாம் சின்னப் பண்ணைக்காரருக்குச் சுமைதான், மறுக்கவில்லை. ஆனால் நோய் வந்தால், எந்தக் கன்று எங்கே போனது என்று தேட அந்தப் பதிவேடுதான் உதவும்.