நாசா பொம்மைப் பார்சலுக்கு ஜிபே-யில் சுங்க வரி கேட்டால்?

கிருஷ்ணகிரி வாசகி ஒருவரின் கேள்வி: விண்வெளி என்றால் உயிரை விடும் மகளுக்காக, சிங்கப்பூரில் இருக்கும் அண்ணன், துண்டுகளை இணைத்துச் செய்யும் லெகோ பொம்மைகளில் 'நாசா பெண்கள்' செட்டை கிஃப்ட் என்று எழுதித் தபாலில் அனுப்பினார். 'பார்சல் சென்னை கஸ்டம்ஸில் நிற்கிறது, இன்றைக்குள் 8,500 ரூபாய் ஜிபே செய்யாவிட்டால் கேஸ்' என்று ஒருவர் மிரட்டுகிறார். கட்டலாமா?

கட்டவே கட்டாதீர்கள். வரி இருக்கும், அது வேறு விஷயம். ஆனால் சுங்கத் துறை தனியார் போன் நம்பருக்குப் பணம் கேட்காது. தபால் பார்சலுக்கு வரி போட்டு அனுப்புவார்கள், உங்கள் ஊர் தபால்காரர் பணத்தை வாங்கிக்கொண்டு ரசீதோடு கொடுப்பார். கூரியர் என்றால் கம்பெனி பில்லோடு வசூலிக்கும். இந்த ஒற்றைப் பொம்மைக்கு ஏஜெண்ட் எதற்கு? 'ஓசூரில் எனக்கு ஆள் இருக்கு, எடுத்துத் தர்றேன்' என்பவர் உங்கள் வரியைக் குறைக்கமாட்டார், தன் கமிஷனைத்தான் ஏற்றுவார்.

மிரட்டுகிறவரிடம் டிஐஎன் நம்பர், அதாவது துறைக் கடிதத்தின் அடையாள எண்ணைக் கேளுங்கள். 2019 நவம்பரிலிருந்து சுங்கத் துறைக் கடிதங்களில் அது இருக்க வேண்டும், துறையின் இணையதளத்தில் போட்டுப் பார்த்தால் உண்மையா என்று தெரிந்துவிடும். ஏற்கெனவே பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள்.

சரி, கிஃப்ட்டுக்கு ஏன் வரி? முன்பு 5,000 ரூபாய் வரை சலுகை இருந்தது, 2019 டிசம்பரில் எடுத்துவிட்டார்கள். உயிர்காக்கும் மருந்துக்கும் ராக்கிக்கும் மட்டும் விலக்கு. ஆமாம், ராக்கிதான். அப்போ பொம்மையோடு ஒரு ராக்கிக் கயிற்றை வைத்து அனுப்பினால் போதுமா என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. கயிற்றுக்குத்தான் விலக்கு, கூட வரும் பரிசுக்கு இல்லை என்று தெளிவாகவே சொல்லிவிட்டார்கள். அந்தக் கயிற்றுக்கும் வரி நூறு ரூபாயைத் தாண்டக் கூடாது. தங்கைக்குப் பொங்கல் சீர் அனுப்பும் நம் பக்கத்து அண்ணன்களுக்கு ஒரு சலுகைகூட எழுதவில்லை. யார் உட்கார்ந்து யோசித்தார்களோ!

மதிப்பைக் குறைத்து எழுதும் யோசனையும் வேண்டாம். இந்த செட் 2017-இல் வந்தபோது 25 டாலர்தான். இப்போது தயாரிப்பில் இல்லை, சேகரிப்பவர்கள் கைமாற்றும் விலை வேறு. அண்ணன் வாங்கிய பில்லையும் பணம் கட்டிய ஆதாரத்தையும் வாட்ஸ்அப்பில் வாங்கி வையுங்கள். அதிகாரி தன் கணக்கில் மதிப்பை ஏற்றினால் காட்ட உங்களிடம் இருப்பது அதுதான். டிராக்கிங்கில் ஒரே தகவல் நாள்கணக்கில் அசையாமல் நிற்கும், போனை யாரும் எடுக்கமாட்டார்கள், அதற்காகப் பதறிப்போய் இடைத்தரகரிடம் ஓடாதீர்கள்.

வந்ததும் வீடியோ எடுத்துக்கொண்டே திறங்கள், சோதனைக்காகப் பெட்டியைப் பிரித்து ஒட்டியிருக்கலாம். மார்கரெட் ஹாமில்டன், சாலி ரைடு, மே ஜெமிசன், நான்சி கிரேஸ் ரோமன் என செட்டில் உள்ள நான்கு பெண்களின் பொம்மைகளும் இருக்க வேண்டும். தலையைக் கழற்றிக் கழுத்துக் குமிழைப் பாருங்கள், அசலில் லெகோ பெயர் பொடி எழுத்தில் புடைத்திருக்கும். செய்முறைப் புத்தகம் இல்லையென்றால் கவலை வேண்டாம், அதை லெகோ தளத்திலேயே இலவசமாக இறக்கிக்கொள்ளலாம்.